மூடும் கணக்கிலிருந்து தொடங்கும் குவாரி: பெங்களூருவைச் சுற்றிய சிறு கிராவல் குழிகளும் அனுமதிகளும்

பெங்களூருவின் வடக்கே, எலகங்காவைத் தாண்டியுள்ள பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி ஆகிய ஊர்களின் பெயர்கள் நகரத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குப்பைச் செய்திகளின் வழியாகத்தான் தெரியும். கல் எடுத்து முடிந்தபின் திறந்தே கிடந்த குவாரிப் பள்ளங்கள் அங்கே இருந்தன. மாநகரத்தின் தரம் பிரிக்காத குப்பை அந்தப் பள்ளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கழிவிலிருந்து கசியும் சாறு தங்கள் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் போராடினார்கள். இதைக் குப்பை மேலாண்மையின் தோல்வி என்று எழுதுவதே வழக்கம். மூடப்படாத பள்ளம் ஒன்று ஊருக்குப் பக்கத்தில் இல்லாதிருந்தால் குப்பைக்கு அந்த வழி கிடைத்திருக்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை. சிறிய குவாரி ஒன்றைத் திட்டமிடுகிறவர் இந்த இரண்டாவது உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பெங்களூருத் தமிழர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. டிப்பர் வைத்திருப்பவர்களும் மண்வேலை ஒப்பந்தக்காரர்களும் நம்மிடையே ஏராளம். ஆனேக்கல், மாலூர், ஹொசக்கோட்டை பக்கத்திலோ, எல்லை தாண்டி ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலோ இரண்டு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. “சும்மா கிடக்கிற மேடுதானே, கிராவல் அடித்து விற்றுவிட்டுப் பிறகு மூடி மனை போட்டுவிடலாம்” என்ற யோசனை இவர்கள் வீடுகளில் ஒருமுறையாவது வந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நிலவியல், கனிமச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், மண் பொறியியல் நான்கும் அடங்கியிருக்கின்றன. நான்கிலும் அது தவறாகப் போகக்கூடும்.

முதலில் நிலவியல். லால்பாக் பூங்காவின் நடுவே எழுந்து நிற்கும் பாறை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்த தீபகற்ப நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை; அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பெங்களூருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாங்கி நிற்பது பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். அது மேலிருந்து கீழாகச் சிதைந்து வரும்போது, மேலே செம்மண், அதன் கீழே கையால் நொறுக்கினால் உதிரும் பருக்கை மண், அதன் கீழே பாதி சிதைந்த பாறை, கடைசியாக உளி ஏறாத கருங்கல் என்று அடுக்கடுக்காக அமைகிறது. நாம் கிராவல் என்றும், கட்டடக்காரர்கள் மொரம் என்றும் சொல்வது இந்த இரண்டாம் அடுக்கு. ஆற்றுப்படுகைகளில் நீர் உருட்டிச் சேர்த்த கூழாங்கல் படிவைப் போல இது ஒரே சீராக விரிந்திருப்பதில்லை. ஒரு மூலையில் எட்டு மீட்டர் ஆழம் வரை பருக்கை மண் கிடைக்கும். முப்பது மீட்டர் தள்ளி இரண்டாவது மீட்டரிலேயே கருங்கல் தலைகாட்டும். ஆகவே நிலத்தின் பரப்பை ஆழத்தால் பெருக்கிக் கையிருப்பைக் கணக்கிடுவது பயனற்றது. ஜேசிபியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உரிய முன் ஒப்புதலோடு, நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சோதனைக் குழி போட்டுப் பார்ப்பதே இந்தத் தொழிலில் மிக மலிவான முதலீடு.

கருங்கல் தலைகாட்டும் இடத்தில் சட்டமும் மாறுகிறது. கிராவலுக்கு வாங்கிய அனுமதி கட்டடக் கல்லுக்குச் செல்லாது. கல் என்றால் வெடிமருந்து, வெடிமருந்து என்றால் தனி உரிமம், தனிப் பாதுகாப்பு விதிகள். 2021 ஜனவரியில் சிவமொக்கா அருகே ஹுணசோடுவிலும், அடுத்த மாதமே சிக்கபள்ளாபுரா அருகே ஹிரேநாகவள்ளியிலும் குவாரி வெடிபொருட்கள் வெடித்து உயிர்கள் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை வெடி இல்லாத, பொக்லைனால் மட்டுமே அள்ளக்கூடிய சிறு குழியைப் பற்றியது.

யாருடைய மண்?

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் சிறு கனிமங்கள் என்று வகுத்து, அவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை 15ஆம் பிரிவின் மூலம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் நிரப்பப் பயன்படும் சாதாரண மண்ணும் 2000 பிப்ரவரியில் வந்த மத்திய அறிவிக்கையால் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. கர்நாடகத்தில் 1994ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளும், தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளும் நடைமுறையில் உள்ளன. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண் ஒன்றுதான் என்றாலும், விண்ணப்பப் படிவம், கட்டணம், லாரிக்குக் கொடுக்கும் சீட்டு எல்லாமே வேறு. ஓசூரில் நடைச்சீட்டு வாங்கிப் பழகியவர் ஆனேக்கலில் அதே முறை செல்லும் என்று எண்ணி இறங்கினால் முதல் வாரத்திலேயே வண்டி பிடிபடும்.

பட்டா என் பெயரில் இருக்கிறதே என்ற வாதம் இங்கே அதிக தூரம் போகாது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-ன் 70ஆம் பிரிவு, சட்டம் வேறு விதமாகச் சொல்லாத இடங்களில், கனிம உரிமையை அரசுக்கு உரியதாக வைத்திருக்கிறது. நில உரிமையாளருக்கு விண்ணப்பிப்பதில் உள்ள வசதி உண்மையானது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அரசு நிலத்துக் குவாரிகளுக்கு ஏலம் பொது வழியாகிவிட்ட நிலையில், பட்டா நிலத்தில் உரிமையாளரோ அவரது இசைவு பெற்றவரோ நேரடியாகக் கேட்க முடிகிறது. ஆனால் குத்தகை இல்லாமல் தோண்டினால் சொந்த நிலம் என்பது தற்காப்பாகாது. அனுமதியின்றிக் கனிமத்தைத் தோண்டுவதும் கொண்டுசெல்வதும் தேக்கி வைப்பதும் மேற்சொன்ன மத்தியச் சட்டத்தின் 4, 21ஆம் பிரிவுகளின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்கும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். எடுத்த கனிமத்தின் விலையையும் அரசு வசூலிக்கலாம். இந்த விலை வசூலைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலோ அனுமதித்த அளவுக்கு மேலாகவோ எடுத்த கனிமத்துக்கு முழு விலையையும் வசூலிக்கலாம் என்று தீர்த்தது. அது ஒடிசாவின் இரும்புத் தாதுச் சுரங்கங்களைப் பற்றிய வழக்கு. அதன் தருக்கம் கிராவல் குழிக்கும் அப்படியே பொருந்தும்.

சிறியது என்பதால் கிடைத்த சலுகைகள், ஒவ்வொன்றாகப் போன கதை

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் தொடக்க வடிவத்தில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகள் அனுமதி வலைக்குள் வரவில்லை. இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே: பெரிய நிலங்கள் நாலரை, நாலே முக்கால் ஹெக்டேர் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. ஹரியாணாவிலிருந்து சென்ற தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று இந்தக் கதவை மூடியது. ஐந்து ஹெக்டேருக்குக் கீழான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமாயிற்று.

அடுத்து, ஆயிரக்கணக்கான சிறு விண்ணப்பங்களை மாநிலத் தலைநகரில் ஒரே குழு பார்க்க முடியாது என்ற நியாயமான காரணத்தைச் சொல்லி, 2016 ஜனவரி 15 அன்று மத்திய அமைச்சகம் மாவட்ட அளவிலான ஆணையங்களை உருவாக்கியது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் அனுமதி கிடைக்கத் தொடங்கியது. 2018 செப்டம்பரில் சதேந்திர பாண்டே வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏற்பாட்டில் ஆய்வின் தரம் நீர்த்துப்போனதைச் சுட்டிக்காட்டி, அதைத் திருத்தச் சொன்னது. அதன்பின் அதிகாரம் மாநில ஆணையத்திடமே திரும்பியது. மாவட்ட ஆணையங்கள் கொடுத்திருந்த அனுமதிகளை மாநில ஆணையம் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அமைச்சகமே குறிப்பாணை அனுப்பியது. 2016-க்கும் 2018-க்கும் இடையில் மாவட்ட அனுமதி பெற்றுத் தொழிலைத் தொடங்கியவர்கள் மறுபடி வரிசையில் நிற்க நேர்ந்தது. அவர்கள் மீது எனக்கு அனுதாபம் உண்டு. அன்றைய விதியைப் பின்பற்றியவர்கள் அவர்கள்.

சாலை, குழாய்ப்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச் 28 அன்று கொடுத்த விலக்கையும், நோபிள் பைக்கடா வழக்கில் 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அளவு வரையறையோ பாதுகாப்போ இல்லாத விலக்கு என்பது நீதிமன்றம் அதில் கண்ட குறை. ஆகவே “நெடுஞ்சாலை வேலைக்குத்தான் மண் போகிறது” என்ற விளக்கம் மட்டும் இன்று போதாது. அதே அறிவிக்கையில் குயவர் கையால் எடுக்கும் களிமண், கிணறு வெட்டுதல், வெள்ளம் விளைநிலத்தில் கொண்டுவந்து கொட்டிய மணலை விவசாயி அகற்றுதல் போன்றவற்றுக்கான விலக்குகள் வேறு. அவற்றின் பெயரில் டிப்பர் ஓட்ட முடியாது.

இன்றைய வரிசை ஏறத்தாழ இப்படி அமைகிறது. கனிம, நிலவியல் துறையிடம் விண்ணப்பம், வருவாய்த் துறை, வனத்துறை ஆகியவற்றின் ஆட்சேபமின்மை, கூட்டுத் தணிக்கை, உத்தேச ஒப்புதல் கடிதம், தகுதி பெற்றவர் தயாரித்துத் துறை ஏற்ற குவாரித் திட்டம், அந்தத் திட்டத்தோடு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத் தளத்தின் வழியே சுற்றுச்சூழல் அனுமதிக்கு மனு, 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, பிறகுதான் குத்தகைப் பத்திரமும் லாரிச் சீட்டும். கேட்ட நிலத்தில் அந்தக் கனிமம் எடுப்பதற்கு மாவட்ட ஆய்வறிக்கையில் இடமிருக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத இடத்துக்கு மனு போடுவது காலவிரயம்.

இந்த வரிசையில் சிறு உரிமையாளரை அதிகம் தடுக்கி விழச் செய்வது கொத்து விதி. இரண்டு குத்தகைகளின் எல்லைகளுக்கு இடையே உள்ள தூரம் 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரே கொத்தாகக் கணக்கிடப்படும். கொத்தின் மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால், உங்களுடையது ஒரே ஒரு ஹெக்டேராக இருந்தாலும், முழுத் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் தேவைப்படும் பாதைக்கு மனு மாறிவிடும். 2016 ஜனவரி 15 அன்று ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தவையும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இயங்காதவையும் இந்தக் கூட்டலில் சேர்வதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் முந்திக்கொண்டு குத்தகை வாங்கிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் செலவும் காலமும் பல மடங்கு கூடக்கூடும். அநியாயம்போலத் தோன்றினாலும், ஊரின் பார்வையில் இதில் நியாயம் இருக்கிறது: ஒரே பாதையில் ஐந்து குழிகளின் டிப்பர்கள் போனால் ஊர் சுவாசிக்கும் தூசி ஐந்தின் தூசிதான்.

தூரக் கட்டுப்பாடுகளையும் முதலிலேயே வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பெங்களூருவின் தெற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திற மண்டலம், 2016 வரைவில் சுமார் 269 சதுர கிலோமீட்டராக இருந்து, 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிக்கையில் 168.84 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. சுருங்கியதற்கு எதிர்ப்பும் இருந்தது. மண்டலத்துக்குள் வணிகக் குவாரிக்கு இடமில்லை. அதற்கு மேல், தேசியப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பதை 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. வீடுகளிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்தவரை, வெடி வைக்காத குவாரிக்கு 100 மீட்டர், வெடி வைப்பதற்கு 200 மீட்டர் என்ற அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைத்தது. பெங்களூருவின் விளிம்பில் இன்றைக்கு 100 மீட்டருக்குள் வீடில்லாத நிலம் கிடைத்தாலும், ஐந்து ஆண்டுக் குத்தகை முடியும் வரை அப்படியே இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஒரு ஹெக்டேரின் உண்மையான கணக்கு

100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரமான ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆழம் 6 மீட்டர் என்று வைப்போம். இந்த ஆறு மீட்டருக்கு ஒரு காரணம் உண்டு: கிராவல் போன்ற கனிமங்களில் ஆழம் 6 மீட்டரைத் தாண்டாமலும், ஒரே நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடிபொருள் பயன்படுத்தாமலும் இருக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு தந்திருந்தது. சிறு குழிகளின் திட்டங்களில் ஆறு மீட்டர் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த எல்லையும் ஒரு காரணம்.

தரகர் சொல்லும் கணக்கு 60,000 கன மீட்டர். இப்போது கழிக்கத் தொடங்குவோம். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் அகலம் நான்கு புறமும் தொடாமல் விட வேண்டும். குழியின் மேல்வாய் 85-க்கு 85 மீட்டராகிறது. நிலத்தில் கால் பங்குக்கு மேல் இங்கேயே போய்விட்டது. கிராவல், மொரம் போன்ற தளர்ந்த மண்ணில் பக்கச் சரிவு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மிகாத உயரமும் அதற்குக் குறையாத அகலமும் கொண்ட படிகளாக வெட்ட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் தரும் அளவு. சட்டத்தின் விலக்கு கிடைத்தாலும், மண் சரிந்து ஆள் புதையாமலிருக்க இந்தச் சரிவு தேவை. மண்ணுக்கு விலக்குப் பிரிவு தெரியாது. 45 பாகைச் சரிவில் ஆறு மீட்டர் இறங்கினால் குழியின் அடித்தளம் 73-க்கு 73 மீட்டர். மொத்தக் கொள்ளளவு சுமார் 37,500 கன மீட்டர். அதில் மேல்மண் 30 சென்டிமீட்டர், அதாவது சுமார் 2,200 கன மீட்டர், விற்பனைக்குரியதல்ல. மிஞ்சுவது ஏறத்தாழ 35,000 கன மீட்டர். நம் பேச்சு வழக்கில், நூறு கன அடியை ஒரு யூனிட்டாகக் கொண்டால், 12,400 யூனிட் அளவு. அறுபதாயிரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியில்தான் பல சிறு குவாரிகளின் கடன் நிற்கிறது.

இதே ஒரு ஹெக்டேர், பாகப்பிரிவினையில் 50-க்கு 200 மீட்டர் நீளத் துண்டாக வந்திருந்தால் நிலை இன்னும் மோசம். எல்லையில் தொடாமல் விடும் ஓரம் நீளப் பக்கங்களை அதிகம் தின்றுவிடும். கிடைக்கும் கிராவல் சுமார் 29,000 கன மீட்டராகக் குறையும். பரப்பு ஒன்றுதான், வடிவம் மட்டும் வேறு.

நிலமீட்பு இங்கேதான் கணக்குக்குள் நுழைகிறது. 45 பாகைச் சரிவு வேலை நடக்கும்போது பாதுகாப்பானது. வேலை முடிந்து விட்டுப்போன நிலத்துக்கு அது ஏற்ற சரிவு ஆகாது. மழையில் அரிக்கும், மாடு இறங்கினால் ஏறாது, குழந்தைகள் விழுவார்கள். புல் பிடிக்கவும், ஆடுமாடு மேயவும், வண்டி இறங்கவும், ஒன்றுக்கு மூன்று என்ற சரிவு, அதாவது ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் கிடை தூரம், பொதுவாகத் தேவைப்படுகிறது. அந்தச் சரிவோடு அதே ஆறு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் குழியின் கொள்ளளவு 27,600 கன மீட்டர்தான். மேல்மண் போக, விற்கக் கிடைப்பது 25,000 சொச்சம். நீளத் துண்டு நிலத்திலோ இந்தச் சரிவில் ஆறு மீட்டரை எட்டவே முடியாது. இரண்டு பக்கச் சரிவுகளும் அதற்கு முன்பே நடுவில் சந்தித்துவிடும்.

ஆகவே இரண்டு வழிகள் உள்ளன. தொடக்கத்திலிருந்தே சாய்வாக வெட்டிப் பத்தாயிரம் கன மீட்டரை இழப்பது ஒன்று. 45 பாகையிலேயே வெட்டிவிட்டு, முடிவில் அதே பத்தாயிரம் கன மீட்டர் நிரப்பு மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து சரிவை உருவாக்குவது மற்றொன்று. பத்து கன மீட்டர் டிப்பரில் ஆயிரம் லோடு. விற்றபோது கிடைத்த விலையைவிட நிரப்பு மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மிதிக்கும் செலவு கூடுதலாக இருந்தால், இரண்டாவது வழி தொடக்கத்திலேயே நட்டம். ஆனால் அந்த நட்டம் குத்தகையின் கடைசி ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்குள் வந்த பணம் வேறெங்கோ போயிருக்கும். பள்ளங்கள் மூடப்படாமல் போவதற்குப் பேராசையைக் காரணமாகச் சொல்கிறார்கள். செலவு கடைசியில் வருமாறு திட்டத்தை அமைத்திருப்பதே பெரிய காரணம் என்பேன்.

கிராவலைத் தோண்டியதும் அது கால் பங்கு வரை உப்பும். 35,000 கன மீட்டர் டிப்பரில் ஏறும்போது 43,000 ஆகிவிடும். ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று கொண்டால், நாளுக்கு மூன்று நான்கு லோடுதான். ஊருக்குச் சொல்லவேண்டிய எண் இதுதான். இந்த அளவில் ஒரு சிறு குழி ஊரோடு சமாதானமாக இருக்க முடியும். ஓர் ஆண்டிலேயே அள்ளி முடித்துவிட நினைத்தால் அது நாளுக்குப் பதினேழு லோடாகும், திரும்பி வரும் வெற்று வண்டிகளையும் சேர்த்து முப்பத்துநாலு நடை.

மேல்மண்ணும் நீரும்

மேல்மண்ணை எடுத்துத் தனியாகச் சேமித்து, பிறகு பரப்ப வேண்டும் என்று எல்லாக் குவாரித் திட்டங்களிலும் ஒரு வரி இருக்கும். எங்கே சேமிப்பது என்பதற்குப் பெரும்பாலும் விடை இருக்காது. மேலே பார்த்த நிலத்தில் தோண்டாமல் விட்ட 7.5 மீட்டர் ஓரத்தில், ஆறு மீட்டர் அடியும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கரையாக நான்கு பக்கமும் குவித்தாலும் சுமார் 2,200 கன மீட்டர்தான் கொள்ளும். எடுத்து உப்பிய மேல்மண்ணோ 2,600 வரை வரும். உயரத்தைக் கூட்டினால் உள்ளே காற்று புகாமல் மண்ணின் உயிர் செத்துவிடும். அதோடு வண்டி வழிக்கும் அந்தக் கரையில் ஒரு திறப்பு விட்டாக வேண்டும்.

இதற்கு விடை, நிலத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்வது. முதல் பட்டையின் மேல்மண் மட்டும் கரையில் சேரும். இரண்டாம் பட்டையைத் திறக்கும்போது அதன் மேல்மண் நேராக, வேலை முடிந்து சரிவு கொடுத்த முதல் பட்டையின்மீது பரவும். மூன்றாவதன் மண் இரண்டாவதுக்குப் போகும். மண் ஒரே முறை இடம் மாறுவதால் டீசல் மிச்சம். விதைகளும் வேர்களும் உயிரோடு போய்ச் சேருவதால் புல் தானே முளைக்கிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்கும் நிபந்தனையைக் குத்தகைகளிலும் அனுமதிகளிலும் சேர்க்கச் சொன்னது. அமைச்சகமும் அதே மாதத்தில் குறிப்பாணை வெளியிட்டது. பட்டை முறையில் வேலை செய்தவருக்கு அது தனிச் செலவாகத் தெரியாது. புல்விதையும் நாற்றும் ஜூன் மழைக்கு முன்பு நிலத்தில் இருக்க வேண்டும் என்பதையும் வேலை அட்டவணையிலேயே எழுதிவிடலாம். ஜனவரியில் நட்டுப் படம் எடுத்து அனுப்பிய மரக்கன்றுகள் மார்ச்சில் இருப்பதில்லை.

நீரைப் பற்றி இங்கே ஒரு தவறான ஆறுதல் பரவியிருக்கிறது: குழி எப்படியும் குளமாகிவிடும், நிலத்தடி நீர் உயரும் என்பது அது. 2024 கோடையில் பெங்களூரு பட்ட தண்ணீர்ப் பாட்டுக்குப் பின் இந்த வாதம் இன்னும் கவர்ச்சியாக ஒலிக்கிறது. கணக்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், நம் குழியின் வாயில் நேரடியாக விழும் நீர் மட்டுமே 7,000 கன மீட்டர். ஆனால் நைஸ் பாறை நிலத்தில் ஆழமில்லாத நிலத்தடி நீர் தங்குவது இந்தச் சிதைந்த பருக்கை அடுக்கில்தான். அதன் கன அளவில் ஒன்றரை முதல் மூன்று விழுக்காடு வரை நீரைத் தரும் என்பதே நம் நாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டில் கையாளும் அளவு. சுற்றுப்புறக் கிணறுகள் நம்பியிருக்கும் அந்தக் கடற்பஞ்சை வெட்டி எடுத்துவிட்டு, வெயிலில் ஆவியாகும் திறந்த குட்டையை வைக்கிறோம். அடியில் கருங்கல் வரை தோண்டியிருந்தால் குட்டை நீர் கீழே இறங்கவும் வழி குறைவு. நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டராவது பருக்கை மண்ணை விட்டுத் தோண்டலை நிறுத்துவதுதான் விவேகம். நீர்மட்டத்தையும் கோடையில் அளந்தது போதாது, வடகிழக்குப் பருவமழை தணியும் நவம்பரில் அளக்க வேண்டும்.

வேலை நடக்கும் காலத்தில் நீர் வேறு விதமாகத் தொல்லை தரும். 50 மில்லிமீட்டர் மழை ஒரே மாலையில் கொட்டினால் குழிக்குள் 360 கன மீட்டர் சேற்று நீர் சேரும். வெளியிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடச் சுற்றுக் கால்வாயும், உள்ளே 15-க்கு 16 மீட்டரில் ஒன்றரை மீட்டர் ஆழ வண்டல் குட்டையும் இருந்தால் அந்தச் சேறு பக்கத்து ஏரிக்குப் போகாது. பெங்களூருவின் ஏரிகள் ஒன்றுக்கொன்று ராஜகால்வாய்கள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களால் இணைந்தவை என்பதால் ஒரு குழியின் சேறு ஓர் ஏரியோடு நிற்பதில்லை.

எதைக் கொண்டு நிரப்புவது?

முழுவதுமாக நிரப்பி மனை போடும் யோசனையைத்தான் நான் மிகவும் சந்தேகத்தோடு பார்க்கிறேன். 37,000 கன மீட்டரை நிரப்ப நகரத்தில் கிடைப்பது அடித்தளம் தோண்டிய மண்ணும் இடிபாட்டுக் கழிவும்தான். இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016-ல் தனி விதிகள் வந்தன. பிளாஸ்டிக், மரம், வீட்டுக் குப்பை கலக்காத செங்கல், காங்கிரீட் உடைசல் ஆகியவற்றை மட்டும், உரிய ஒப்புதலோடு, நிரப்பப் பயன்படுத்தலாம். ஆனால் இரவு நேரத்தில் வரும் லோடில் என்ன இருக்கிறது என்பதை வாயிலில் ஆள் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கொட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. இருபது முப்பது சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்காமல் கொட்டி நிரப்பிய ஆறு மீட்டர் மண், பல ஆண்டுகள் சீரற்று அமர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் எழும் வீட்டுச் சுவர் வெடிக்கும்போது குத்தகையும் டிப்பரும் யாருக்கும் நினைவிருக்காது. சாய்வான பக்கங்களோடு, தாழ்ந்த மட்டத்தில், மேல்மண் திரும்பிய மேய்ச்சல் நிலமாகவோ மாந்தோப்பாகவோ விடுவதே ஒரு ஹெக்டேர் குழிக்குப் பெரும்பாலும் தாங்கக்கூடிய முடிவு. விலை குறைவுதான்.

நில உரிமையாளரும் குவாரி நடத்துகிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது, இவை எல்லாம் அவர்களுக்கிடையிலான உடன்படிக்கையில் வந்தால்தான் நடக்கும். யூனிட்டுக்கு எவ்வளவு என்பது மட்டுமே எழுதிய தாள்கள்தான் வழக்கத்தில் அதிகம்; அரசுரிமைத் தொகையையும் (ராயல்டி) மாவட்டக் கனிம நிதியத்துக்கான பங்கையும் கட்டுபவர் யார் என்பதுகூடச் சிலவற்றில் இருக்காது. குத்தகை எவர் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் துறை தேடி வரும். ஆனால் அவர் போனபின் பள்ளம் நில உரிமையாளரிடம் தங்கிவிடும். இறுதிச் சரிவின் வரைபடத்தை உடன்படிக்கையோடு இணைப்பது, ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தொகையை இருவர் கையெழுத்தும் தேவைப்படும் வங்கிக் கணக்கில் சேர்த்துவருவது, முதல் பட்டை மூடப்பட்டதை அளந்து ஒப்புக்கொண்ட பின்பே மூன்றாவது பட்டையைத் திறக்க அனுமதிப்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள உரிமையாளருக்கு வலு இருப்பது முதல் பொக்லைன் நிலத்துக்குள் வருவதற்கு முன்பு மட்டும்தான். பத்திரம் கன்னடத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகக் கேட்டபின் கையெழுத்திடலாம்.